வேப்பமரத்தடி கிளார்க் சாப்

மாதத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் விடியற்காலை நாலரை மணிக்கு அலாரம் அடிக்கும். அலாரம் அப்பாவுக்குத்தான், ஆனால் அவருக்கு அது கேட்காது. அம்மா எழுந்து அவர் காலைத் தட்டி எழுப்புவார். அன்று முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்குக்குப் போகும் நாள். இரண்டு பஸ் மாறி, ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். முந்தின இரவே மஞ்சள் பை தயாராகிவிடும்: கிழிந்துபோய் டேப் ஒட்டிய ராணுவ டிஸ்சார்ஜ் புக், பிளாஸ்டிக் உறையில் ஈ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் கார்டு, போன மாத மருந்துச் சீட்டு, எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ், எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பாஸ்போர்ட் போட்டோ, ஒரு டப்பா தயிர்சாதம்.

அப்பா 1968-ல் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பெங்களூரில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தப் படைப்பிரிவின் ஆட்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபி அதிகாரியும் 'தம்பி' என்பார். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது, பாறைக்கு வெடிவைப்பது எல்லாம் இவர்கள் வேலை. இருபத்து நாலு வருடம் வெடிச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் காது என்ன ஆகும்? 1992-ல் ஹவில்தாராக வெளியே வரும்போது மருத்துவப் பரிசோதனையில் "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லை சாப்" என்று சொல்லிவிட்டார். உண்டு என்று சொன்னால் மெடிக்கல் போர்டு, மறு பரிசோதனை என்று இரண்டு மாதம் இழுக்கும், ஊரில் அக்கா கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு 'இல்லை சாப்' அவருடைய ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை அங்கேயே முடித்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தையின் விலை எவ்வளவு என்று நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

நான் வேலை பார்ப்பது சென்னையில், கணக்குப் பிரிவில். தாள்களைப் பார்த்து எனக்குப் பயமில்லை. அதனாலோ என்னவோ, கடந்த சில வருடங்களாக அப்பாவின் பாலிகிளினிக் நாட்களில் விடுப்பு போட்டு நானும் கூடப் போய்வருகிறேன். அங்கே பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். ஈ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1-ல் வந்தது. அதற்கு முன்னால் ஓய்வுபெற்ற படைவீரருக்கு மருத்துவம் என்றால் ராணுவ ஆஸ்பத்திரிதான். வடாற்காட்டு கிராமத்தில் இருப்பவர் பரங்கிமலைக்கோ வெலிங்டனுக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும்; போனாலும் பணியில் இருப்பவர்களைப் பார்த்த பிறகுதான் இவர் முறை. இந்தத் திட்டம் வந்ததும் பாலிகிளினிக்குகள் வந்தன, நாடு முழுக்க நானூறுக்கு மேல். அங்கே டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையில் கையிலிருந்து காசு கொடுக்காமல் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவுக்கும் சேர்த்து. 1996-க்கு முன் ஓய்வுபெற்றவர் என்பதால் அப்பா சந்தாகூடக் கட்டவில்லை. இப்போது ஓய்வுபெறும் ஹவில்தார் வரையிலானவர்களுக்கு ஒரே தவணையில் 30,000 ரூபாய், சுபேதார் வகையறாவுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. அதற்கேற்ப வார்டும் உண்டு. ஹவில்தாருக்குப் பொது வார்டு, அதிகாரிக்குத் தனி அறை. சேவைக்காலம் முடிந்து முப்பது வருடம் ஆனாலும் தோள்பட்டையில் இருந்த பட்டை கட்டில் வரைக்கும் கூட வருகிறது. கூடக் கட்டியவருக்குக் கூட வசதி என்பார்கள். சரி, இருக்கட்டும்.

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது இந்தத் திட்டம் எங்களைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. இரண்டு ஸ்டென்ட், ஒரு பைசா நாங்கள் கொடுக்கவில்லை. அவசரம் என்றால் ரெஃபரல் சீட்டு இல்லாமலே பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், அப்புறம் பில்லை வைத்துப் பணம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இந்த 48 மணி நேரக் கணக்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில் எத்தனை வீட்டுக்குத் தெரியும் என்று விசாரித்துப் பார்த்தேன். பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

கஷ்டம் பெரிய நோயில் இல்லை, அன்றாட மாத்திரையில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்புக்கு இரண்டு, சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. ஒரு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள். பத்து மணிக்கு டோக்கன் வாங்கி, பன்னிரண்டு மணிக்கு டாக்டரைப் பார்த்து, ஒன்றரை மணிக்கு மருந்து ஜன்னலுக்கு வந்தால், நாலில் இரண்டு இருக்கும். மற்ற இரண்டுக்கு நேராக 'என்.ஏ.' என்று எழுதி முத்திரை குத்துவார்கள். இருப்பில் இல்லை என்று அர்த்தம். உள்ளூர் மருந்துக்கடை ஒன்றோடு ஒப்பந்தம் இருக்கும், அங்கிருந்து வரவழைத்துத் தருவார்கள். ஆனால் அது வர ஓரிரு நாள் ஆகும். ஓரிரு நாளில் மறுபடி அறுபது கிலோமீட்டர் யார் வருவது? அப்பா வெளியே கடையில் காசு கொடுத்து வாங்கிவிடுவார். பஸ் செலவும் டீயும் சேர்த்தால் அந்த மாத்திரையின் விலையைத் தாண்டும்.

"என்.ஏ.ன்னா என்னம்மா தெரியுமா? நாளைக்கு ஆகட்டும்" என்று சொல்லிச் சிரிப்பார் கிளார்க் சாப்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலிகிளினிக் காம்பவுண்டுக்குள் ஒரு வேப்பமரம், அதன் கீழே சிமென்ட் மேடை. கிளார்க் டிரேடில் நாயப் சுபேதாராக ஓய்வுபெற்றவர், எண்பதைத் தொடப் போகிறவர், பெரும்பாலான நாட்களில் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு அட்டை, சட்டைப் பையில் நீலம் கறுப்பு என்று இரண்டு பேனா, பக்கத்தில் ஸ்டாம்ப் பேட். யார் வந்தாலும் படிவம் நிரப்பிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார், டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். எந்தக் கேள்விக்கு எந்தத் தாள் என்பது அவருக்கு மனப்பாடம். விதவைகள் அவர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் நீட்டும் பைகளைப் பார்த்தால் எல்லாமே எங்கள் மஞ்சள் பை மாதிரிதான் இருக்கும்.

"உங்கம்மா பேர் ரெக்கார்டுல எப்படி இருக்கு, பார்த்தியா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். நான் பார்த்ததில்லை. டிஸ்சார்ஜ் புக்கைப் பிரித்துக் காட்டினார். அம்மாவின் பெயரில் வரும் 'ம்மாள்' அங்கே வெறும் 'மா' ஆகியிருந்தது, நடுவில் ஓர் எழுத்தும் காணாமல் போயிருந்தது. 1974-ல் யூனிட்டில் இருந்த வடநாட்டு எழுத்தர் காதால் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ராணுவத்தில் ஒரு பெயர். "அப்பா இருக்கும்போதே சரி பண்ணிடு. அப்புறம்னா அம்மா அலைய முடியாது" என்றார்.

பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்று இருக்கிறது. ராணுவக் குடும்பங்களுக்கு இது பழகிய சொல். கல்யாணம், குழந்தை, பெயர் மாற்றம் எதுவானாலும் அதில் ஏறினால்தான் அரசாங்கத்துக்கு அது நடந்ததாகக் கணக்கு. நாங்கள் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, இரண்டு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ஆதார் நகலோடு அனுப்பினோம். மூன்று முறை தபால் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை நாங்கள்தான் விட்டிருந்தோம். கணக்குப் பிரிவில் இருபது வருடமாக இருக்கும் எனக்கே இந்தப் பாடு. ஒன்பதாம் வகுப்போடு நின்ற அம்மா, கணவர் போன துக்கத்தில், ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்?

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி உண்டு: இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், கல்யாணமானால் பெண்ணுக்கு அது மாறும். தில்லியில் தயாரான இணையப் படிவத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். சிலர் அதில் இனிஷியலைப் போடுவார்கள், சிலர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார்கள், சிலர் ஊர்ப் பெயரைப் போடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், அப்பாவின் சர்வீஸ் ரெக்கார்டில் இனிஷியலே இல்லை. மூன்றும் மூன்று ஆள் என்று கணினி முடிவு கட்டிவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு முன்னாள் நாயக்கின் மகள் இதில்தான் மாட்டிக்கொண்டாள். பொறியியல் படிக்கிறாள், பிளஸ் டூ-வில் நல்ல மதிப்பெண். பிரதமர் உதவித்தொகைத் திட்டத்துக்கு விண்ணப்பித்தாள். 2006-ல் தொடங்கிய திட்டம் அது. தொழிற்கல்வி படிக்கும் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கானது, வருடத்துக்கு 5,500 பேர், ஆணும் பெண்ணும் சரிபாதி, 2019-லிருந்து பெண்ணுக்கு மாதம் 3,000, ஆணுக்கு 2,500. பெயர் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கடைசி நாளுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. அவளும் நானும் வேப்பமரத்தடிக்கு ஓடினோம். கிளார்க் சாப் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேர் ஒண்ணுதான், முகமூடிதான் மூணு" என்றார். எந்தச் சான்றிதழை எந்த வரிசையில் இணைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கிடைத்தது.

மேற்படிப்புக்கு முந்தைய கட்டத்துக்கும் உதவி இல்லாமலில்லை. ஹவில்தார் வரையிலானவர்களின் பிள்ளைகள் இருவருக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசின் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு வழியாகக் கிடைத்துவந்தது. 2025 நவம்பர் முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 2,000 ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடம் தனியாக உண்டு. மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன, கேட்டால் சொல்வார்கள். கேட்கத் தெரிந்தவர்களுக்கு.

ஆனால் இவை எல்லாமே பிள்ளைகளுக்கு. படைவீரனுக்கு? இதை யாரும் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை.

என் சித்தி மகனைச் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்துப் பதினெட்டு வயதில் சேர்ந்தான். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட். பதினேழு வருடம். ஊசி போடுவது, குளுக்கோஸ் ஏற்றுவது, தையல் போட டாக்டருக்குக் கை கொடுப்பது, பனிக்கடியில் கறுத்துப்போன விரல்களுக்குக் கட்டுப் போடுவது என்று அவன் செய்யாததில்லை. ஒருமுறை லடாக் பக்கத்தில், டாக்டர் வந்து சேர ஆறு மணி நேரம் ஆகும் என்ற நிலையில், நுரையீரலில் நீர் கோத்த ஒரு பையனை ராத்திரி முழுக்க ஆக்சிஜனோடு பிடித்து உட்காரவைத்திருந்தானாம். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். இதையெல்லாம் அவன் பெருமையாகச் சொல்வதில்லை. பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்கிற மாதிரிச் சொல்வான்.

முப்பத்தைந்து வயதில் வெளியே வந்தான். தனியார் ஆஸ்பத்திரிகளில் வேலை கேட்டான். நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேட்டார்கள். அவனிடம் இருப்பது ராணுவம் கொடுத்த வகுப்புச் சான்றிதழ். ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் அங்கே இருப்பது ஒன்றிரண்டு இடம், அதுவும் ஒப்பந்த வேலை. பத்தாம் வகுப்போடு 15 வருடம் பணியாற்றியிருந்தால் மத்திய அரசின் குரூப் சி வேலைகள் பலவற்றுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வேலைக்கான சமம், படிப்பு இல்லை. அதைக் கொண்டுபோய் நர்சிங் கல்லூரியில் நீட்டினால் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். இப்போது அவன் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. வாசலில் நின்று வண்டி எண் எழுதுகிறான். இரண்டாவது மாடியில் ஒரு பாட்டி மயங்கி விழுந்தபோது இவன்தான் ஓடிப்போய் நாடி பார்த்து, சர்க்கரை குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தானாம். அதற்கப்புறம் அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவனை 'டாக்டர்' என்கிறார்கள். சம்பளம் செக்யூரிட்டி சம்பளம்தான்.

ஓய்வூதியம் வருகிறதே, போதாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். முப்பத்தைந்து வயதுக்காரனுக்கு இன்னும் இருபத்தைந்து வருட உழைப்பு பாக்கி இருக்கிறது. அவனை நாம் கேட் திறக்க வைத்திருக்கிறோம். நம் ஊரில் 'எக்ஸ் சர்வீஸ்மேன் தேவை' என்ற விளம்பரத்துக்குக் கீழே பெரும்பாலும் என்ன வேலை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காக்காரன் 1944-லேயே ஒரு சட்டம் போட்டான். ஜி.ஐ. பில் என்பார்கள். உலகப்போர் முடிந்து வந்த சிப்பாயைக் கல்லூரிக்கு அனுப்பினான். கட்டணம், புத்தகம், கைச்செலவுக்கு மாதப்படி எல்லாம் அரசாங்கத்தில். 1956-க்குள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள், தொழில் பயிற்சியையும் சேர்த்தால் 78 லட்சம். கறுப்பினச் சிப்பாய்களுக்கு அது சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற பழி அதற்கு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் சிப்பாயின் பிள்ளைக்கு மட்டுமல்லாமல் சிப்பாய்க்கே படிப்பு என்ற எண்ணம் அங்கே எண்பது வருடப் பழசு. நம்மிடம் ஓய்வுக்கு முன்னால் மறுகுடியமர்வு இயக்குநரகத்தின் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. என் தம்பிக்கு அதில் கிடைத்தது பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சி. பதினேழு வருடம் மருத்துவம் பார்த்தவனுக்கு!

எனக்குத் தோன்றுவது இதுதான். அவன் பதினேழு வருடம் கற்றதை அளந்து, இது இத்தனை பருவத்துக்குச் சமம், மீதியைப் படித்துத் தேர்வு எழுது என்று ஒரு நர்சிங் கல்லூரி சொல்ல முடிந்தால் போதும். புதிதாக நிதிகூட அதிகம் வேண்டாம். ராணுவ டிரைவர், எலக்ட்ரீஷியன், ரேடியோ மெக்கானிக் எல்லோருக்கும் இதே கதைதான். இந்த யோசனை முழுக்கப் புதிதும் இல்லை. நாலு வருடத்துக்கு மட்டும் படையில் சேர்க்கப்படும் அக்னிவீரர்களுக்கு, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ராணுவப் பயிற்சியையே பட்டப்படிப்பின் பாதி மதிப்பெண் அலகுகளாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை 2022-ல் அறிவித்தார்கள். அவர்களுக்கு முடியும் என்றால் பதினேழு வருடக்காரனுக்கு ஏன் முடியாது?

அக்னிவீரர் என்றதும் வேறொன்றும் உறுத்துகிறது. நாலு வருடம் முடிந்து நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர்வார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்று ஒரே தொகையாகக் கொடுக்கும் ஏறக்குறைய 11.7 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு வருவார்கள். ஓய்வூதியம் கிடையாது, ஈ.சி.எச்.எஸ். கிடையாது. எங்கள் ஊரிலிருந்தும் பையன்கள் போயிருக்கிறார்கள். வெடிச் சத்தம் நாலு வருடக்காரன் காது என்று பார்த்து மெதுவாகவா வெடிக்கும்? வெளியே வரும் நாளில் அவனிடமும் ஒருவர் "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்பார். எங்கள் ஊர்ப் பையன்களிடம் போனில் சொல்லி வைத்திருக்கிறேன்: வாயை மூடிக்கொண்டு வராதே, எல்லாவற்றையும் எழுத வை.

ஆஸ்பத்திரிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் கட்டணப் பட்டியல்தான் இங்கும் அடிப்படை. 2014 வாக்கில் போட்ட விலையே ரொம்ப காலம் ஓடியது, 2023-ல் ஆலோசனைக் கட்டணத்தையும் அறை வாடகையையும் ஏற்றினார்கள், முழுப் பட்டியல் மாறியது 2025-ல்தான். அந்தப் பழைய பணமும் மாதக்கணக்கில் தாமதம் என்றால், 'ஈ.சி.எச்.எஸ். பெட் காலி இல்லை' என்ற பதில் ஏன் வருகிறது என்று கணக்குப் பிரிவு ஆளான எனக்குப் புரியத்தான் செய்கிறது. மகளாகப் புரிவதில்லை.

அப்பாவின் காதுக்கு வருகிறேன். காது கேட்கும் கருவிக்கு இந்தத் திட்டத்தில் வழி உண்டு என்பதே எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. கிளார்க் சாப்தான் சொன்னார். பாலிகிளினிக்கிலிருந்து காது டாக்டருக்கு ரெஃபரல், அங்கே பரிசோதனை, அவர் எழுதிய சிபாரிசோடு மறுபடி பாலிகிளினிக், அங்கிருந்து அனுமதிக்கு மேலே. மஞ்சள் பையோடு மொத்தம் ஆறு பயணம். கருவி வந்த அன்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மாட்டினோம். அப்பா கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். அப்புறம், "இவ்வளவு காக்கா இருக்குதா இங்கே?" என்றார்.

போன மாதம் போனபோது மேடையில் கிளார்க் சாபைச் சுற்றி வரிசை இல்லை. அட்டை மட்டும் மடியில் இருந்தது. கண்ணில் புரை, இரண்டிலும். ஆறு மாதமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார். ஆபரேஷனுக்கு ரெஃபரல் வாங்க வேண்டும், படிவத்தில் எழுத்து தெரியவில்லை என்றார். அட்டையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்து, "நீலத்துல எழுதினா ஜெராக்ஸ்ல விழாது" என்றார். சர்வீஸ் நம்பர், ரேங்க், டிரேடு எல்லாம் ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார். பெயர் எழுதினேன். அதற்கு அடுத்த கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

"சர்நேம் கேக்குது சாப்."

"கோடு போட்டுடும்மா" என்றார்.